குன்வோர் வீட்டு ஜூனிபர்

எங்கள் பள்ளத்தாக்கில் ஜூனிபர் புதரை வெட்டுவார்கள், பிடுங்குவார்கள், எரிப்பார்கள். நட மட்டும் மாட்டார்கள். மேய்ச்சல் நிலத்தை ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் அது நாலு பக்கமும் முளைத்து நிற்கும். பனியிலும் பச்சை, வெயிலிலும் பச்சை. மாடு அதன் பக்கத்தில் அண்டாது. கையை வைத்தால் ஊசி ஊசியாகக் குத்தும். என் மாமனார் சாகும்வரை அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் அதே மனுஷர் கத்தியை எடுத்துக்கொண்டு அதே புதரைத் தேடிக் குன்று ஏறுவார். ஜூனிபர் இல்லாமல் கிறிஸ்துமஸ் பீர் கிடையாது. கிளைகளைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் பாத்திரம் கழுவ வேண்டும். அதே தண்ணீரில்தான் முளைகட்டி உலர்த்திய பார்லியை ஊறவைக்க வேண்டும். வேறு தண்ணீரில் செய்தது பீரே இல்லை. அதைக் கடையில் டின்னில் அடைத்து விற்கிறார்கள், வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட செடியை ஒருத்தி தன் வீட்டு முற்றத்தில் வைத்துப் பதினாலு வருஷம் வளர்த்தாள். அவள் பெயர் குன்வோர். எங்கள் தெருவில் இருபது வீடுகள். கடைசி வீடு அவளுடையது, அதற்கு முந்தையது எங்களுடையது. நான் மாரித். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். எனக்கும் வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் குன்வோரிடம் பேசிப் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அவளுக்கு வேலை, மலைமேல் தனி வீடுகளில் இருக்கும் வயசாளிகளைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, அடுப்பு மூட்டிவிட்டு வருவது. காலை ஐந்து மணிக்குக் காரை எடுத்தால் மத்தியானம்தான் திரும்புவாள். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "கேட்டவன் எவனும் ரெண்டாவது தடவை கேக்கல, அவ்ளோதான்" என்பாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவள். அந்த முயலைக் கொண்டுவந்து நாலாவது காலைத் தொட்டுக் காட்டினாலும், இது வேறு முயல் என்பாள்.

அவள் பிறந்தது மேலே ஹௌகன் பண்ணையில். இங்கே பண்ணையைப் பங்கு போட மாட்டார்கள். மூத்தவனுக்கு முழுசும் போகும். அவளைவிட ரெண்டு வயசு பெரியவன் அஸ்லாக்குக்கு நிலம், மாடு, குன்று, குன்றிலிருந்த ஜூனிபர் எல்லாம் போயிற்று. குன்வோருக்கு அம்மா துணி வெளுத்த ஒரு செப்பு அண்டா கிடைத்தது. அதுவும் அடியில் ஓட்டை இருந்ததால் கிடைத்தது.

அந்த ஓட்டையை அவள் அடைத்தாள். அண்டாவைத் தன் வீட்டு நிலவறையில் ஏற்றினாள். பீர் காய்ச்சினாள்.

எங்கள் பக்கம் பீர் காய்ச்சுவது ஆம்பிளைகள் வேலை. பெண்கள் தண்ணீர் சுமப்போம், விறகு சுமப்போம், கடைசியில் தரையைக் கழுவுவோம். குன்வோர் இருபது வருஷம் தண்ணீர் சுமந்தபோது கண்ணை மூடிக்கொண்டு சுமக்கவில்லை. முதல் வருஷம் ஊரே சிரிக்கப் போனது, குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் சிரிக்க யாரும் போகவில்லை, குடிக்க மட்டும் போனார்கள்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பீர் புளித்து, அதைப் பீப்பாய்க்கு மாற்றுகிற நாளில் யாரையும் அழைக்க மாட்டார்கள். யாருக்கும் கதவைச் சாத்தவும் மாட்டார்கள். புகையில் ஜூனிபர் மணம் கலந்துவந்த ரெண்டு மூணு நாளில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் வந்து நிற்பான். ஒரே மரக்கிண்ணம் கைக்குக் கை போகும். காய்ச்சியவர் முதலில் குடிக்க வேண்டும், பிறகு மற்றவர்கள்.

குன்வோர் காய்ச்சிய நாலாவது வருஷம் அஸ்லாக்கும் வந்தான். கிண்ணம் ரெண்டு சுற்று வந்தது. என் வீட்டுக்காரர் ஷூருக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

"அஸ்லாக், ஒத்துக்கோடா. உன்னுதவிட இதுதான் நல்லா இருக்கு" என்றார்.

அஸ்லாக் சிரித்தான். "ஏன் நல்லா இருக்காது? ஜூனிபர் எங்கேந்து வந்துச்சு? என் குன்னுலேந்து. அப்பாவோட குன்னு அது. அதை எடுத்துட்டா அந்த அண்டாவுல என்ன மிஞ்சும்? வெந்நீர்!"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. குன்வோர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"சரி. இனிமே உன் குன்னுலேந்து எனக்கு ஒரு ஊசிகூட வேணாம். என் வாசல்லயே வளத்துக்கறேன்."

"எதை? ஜூனிபரையா? பயிர் பண்ணப் போறியா?" அஸ்லாக்குக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர ஆரம்பித்தது. "அப்படியே பக்கத்துல முள்ளுச்செடி ரெண்டு வரிசை போடு. நல்ல வெளச்சல் வரும்."

"சிரி. நல்லா சிரி. என் செடியில காய்ச்சின பீர் வர்ற வரைக்கும் நான் ஒரு சொட்டு வாயில வைக்க மாட்டேன். கிறிஸ்துமஸும் தண்ணியிலதான்."

அப்போது அவளுக்கு நாற்பத்து நாலு வயசு. ஜூனிபர் ஒரு வருஷத்துக்கு ஒரு விரல் நீளம் வளரும். ஷூர் வீட்டுக்கு வரும் வழியில் விரல்விட்டு எண்ணினார். "இவ அறுபது வயசுல குடிப்பா" என்றார். நான் அவர் தலையில் ஒரு போடு போட்டேன். இவ்வளவுக்கும் ஆரம்பம் இவர் வாய்தானே.

அடுத்த வசந்தத்தில் கீழே சாலையை அகலப்படுத்தினார்கள். எந்திரம் புரட்டிப்போட்ட ஜூனிபர்களில் இடுப்பளவு உயரமான ஆறைக் குன்வோர் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். சீட்டெல்லாம் மண். மறுநாள் அதே சீட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போனாள். முற்றத்தில் குழி வெட்டி வைத்தாள்.

அங்கேதான் நான் நுழைந்தேன். எங்கள் தொழுவத்தில் மூன்று வருஷம் மக்கிய சாணம் இருந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, கேக்கில் போட்டுத் தின்னலாம் போல. நாலு தள்ளுவண்டி கொண்டுபோய்க் கொட்டினேன். எங்கள் ஊரில் ஒரு செடிமேல் பிரியம் என்றால் சாணம் போடுவோம். உருளைக்கிழங்குக்குச் சாணம், பெர்ரிப் புதருக்குச் சாணம், செத்தவர்கள் கல்லறைமேல் வைக்கிற பூவுக்கும் சாணம். வேறு வழி எங்களுக்குத் தெரியாது. குன்வோருக்கும் தெரியாது. கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள். தினமும் தண்ணீர் ஊற்றினாள்.

ஆகஸ்டில் ஆறும் பழுப்பாயின. செப்டம்பரில் தொட்டால் உதிர்ந்தன. அடுத்த வருஷம் இன்னும் ஐந்து கொண்டுவந்தாள், நான் இன்னும் ஆறு வண்டி சாணம் கொண்டுவந்தேன். அவை ஜூலையிலேயே போய்ச்சேர்ந்தன.

அஸ்லாக் வேலிக்கு வெளியே டிராக்டரை நிறுத்தி எட்டிப்பார்த்தான்.

"குன்வோர், என் குன்னுல இதைக் கொல்றதுக்கு நான் நாப்பது வருஷமா வழி தேடிக்கிட்டு இருக்கேன். நீ எப்படிக் கொல்றேன்னு கொஞ்சம் சொல்லிக்கொடேன்."

அவள் கையில் மண்வெட்டி இருந்தது. அவன் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் அவள் காய்ந்த செடியைப் பிடுங்கி என்னிடம் காட்டினாள். "மாரித், இது பசியில சாகல. அஜீரணத்துல செத்திருக்கு. நாம ஊட்டி ஊட்டியே கொன்னுட்டோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால், குன்றில் அது பாறை இடுக்கில்தான் நிற்கிறது. மண்ணே இல்லாத இடம். காற்று மட்டும் நிறைய.

அதற்குப் பிறகு அவள் செய்ததை ஊர் இன்னும் மறக்கவில்லை. எங்கள் முன்னோர் முந்நூறு வருஷம் வயலிலிருந்து கல் பொறுக்கினார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகியதும் புதுக்கல் மேலே வரும், அதைப் பொறுக்கி ஓரத்தில் சுவராக அடுக்குவோம். எங்கள் முதுகெல்லாம் அதில்தான் வளைந்தது. குன்வோர் அந்தச் சுவர்களின் அடியில் உதிர்ந்து கிடந்த கல்லை வாளி வாளியாகக் கேட்டு வாங்கினாள். ஷூரிடம் சொல்லி ரெண்டு வண்டி சரளைக்கல் இறக்கினாள். முற்றத்திலிருந்த நல்ல கறுப்பு மண்ணை வெட்டி எங்கள் தோட்டத்தில் போட்டாள், அந்தக் குழியில் கல்லைக் கொட்டினாள். அந்த வருஷம் எங்கள் உருளைக்கிழங்கு ஒவ்வொன்றும் என் முஷ்டி அளவு வந்தது. அவள் முற்றத்தைப் பார்த்தவர்கள், வீடு இடிந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

பெரிய செடியைப் பிடுங்கி நட்டால் பிழைக்காது என்று தெரிந்துபோனதால் விதையில் இறங்கினாள். அஸ்லாக் குன்றுப் பழத்தைத் தொட மாட்டாள். ஆனால் குன்றில் பழம் தின்ற பறவைகள் எங்கள் தெருவின் கம்பங்களில் வந்து உட்காரும். அதன் கீழே விழுந்த எச்சத்தைச் சுரண்டி எடுத்து விதை பொறுக்கினாள். "இதுவும் என் குன்னோடதுதானே?" என்று அஸ்லாக் ஒருநாள் தெருவில் மடக்கிக் கேட்டான். "பறவையைக் கேளு. அது உன் பேரைச் சொல்லிட்டா திருப்பிக் குடுத்துடறேன்" என்றாள்.

விதைப்பெட்டியை வடக்குச் சுவரோரம் வைத்தாள். ஒரு பனிக்காலம் போயிற்று, ஒன்றும் வரவில்லை. ரெண்டாவது பனிக்காலமும் போயிற்று. ஜூனிபர் விதை அப்படித்தான், ரெண்டு பனிக்காலம் படுத்துக் கிடந்தால்தான் எழுந்திருக்கும். மே மாதம் பதினொரு முளை வந்தது. தையல் ஊசி உயரம். அதில் ஏழு பிழைத்தன.

இதற்கிடையே ஒவ்வொரு டிசம்பரும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள், மற்ற வீடுகளுக்கும் போவாள். கிண்ணம் அவள் கைக்கு வரும். ரெண்டு கையாலும் வாங்கி, மணத்தை முகர்ந்து, வாயில் வைக்காமல் அடுத்தவருக்குக் கொடுப்பாள். முதல் ரெண்டு வருஷம் கேலி பேசினார்கள். பிறகு அவள் கைக்குக் கிண்ணம் வரும்போதெல்லாம் பேச்சு நின்றுபோகும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

எட்டாவது வருஷம் செடிகள் முழங்காலை நெருங்கின. ஒன்பதில் ரெண்டு செடியில் பச்சைக் காய் வந்தது. அது நீலமாகப் பழுக்க மேலும் ரெண்டு வருஷம். ஜூனிபரில் ஆண் வேறு, பெண் வேறு. எங்கள் ஆட்கள் பழம் உள்ள பெண்கிளையைத்தான் அண்டாவில் போடுவார்கள். "ஏழுல ரெண்டுதான் பொம்பளை. ஆம்பிளை அஞ்சும் சும்மா நிக்குதுங்க. ஊர் மாதிரியேதான்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ரெண்டும் அவளுடைய கார் ஷெட் பக்கம் நின்றன. மரப்பலகை ஷெட். ஒன்று சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர், மற்றது ரெண்டு மீட்டர்.

பதினோராவது வருஷம் பனியே சரியாகப் பெய்யவில்லை. மார்ச் மாதம் கிழக்குக் காற்று மூன்று வாரம் அடித்தது, புல்லெல்லாம் காகிதமாகக் காய்ந்தது. அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு வீட்டோரம் நின்ற ஜூனிபரில் பொறி விழுந்து, செடியும் வீடும் அரை மணி நேரத்தில் சாம்பல். பச்சையாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. ஜூனிபரில் எண்ணெய் இருக்கிறது. பற்றினால் வெடிக்கும்.

எங்கள் தெருச் சங்கத்துக்குத் தலைவர் ஊத்வார். பெர்கன் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர். தானாக ஓடுகிற புல்வெட்டி வைத்திருப்பார், அதற்குப் பெயர்கூட வைத்திருப்பார். குன்வோரின் கல்முற்றத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் பல் கூசும். ஊரின் தீயணைப்புத் தொண்டர் குழுவுக்குத் தலைவன் யார் என்றால் அஸ்லாக். ரெண்டு பேரும் டேப்பை இழுத்துக்கொண்டு இருபது வீட்டையும் அளந்தார்கள். பிறகு சங்கக் கூட்டம். காபி, வாஃபிள், மேலே பழுப்புச் சீஸ். தீர்மானம் ஒரே வரி: மரச்சுவருக்கும் ஜூனிபருக்கும் நடுவில் நாலு மீட்டர் இருக்க வேண்டும்.

தெருவில் ஜூனிபர் வைத்திருந்தவள் ஒருத்திதான்.

"அஸ்லாக், எந்திரிச்சு நின்னு சொல்லு. இது தீக்காகவா, எனக்காகவா?" என்று குன்வோர் கேட்டாள்.

"தீக்காகத்தான். அந்த வீட்டை நான் பாத்தேன் குன்வோர். உள்ள போயி நின்னேன்" என்றான். அவன் அப்போது பொய் சொல்லவில்லை. பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவக்கும், சிவக்கவில்லை.

கை தூக்கச் சொன்னார் ஊத்வார். பத்தொன்பது கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. எங்கள் வீடும் மரவீடு, அவள் ஷெட்டுக்கு அடுத்த சுவர் எங்கள் பேரக்குழந்தை தூங்குகிற அறை. நான் பயந்தேன். பயந்தது தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வாஃபிளை எடுத்துத் தின்றேன்.

மூன்று வாரம் அவள் என்னோடு பேசவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் போவாள், வருவாள். நான் "குன்வோர்" என்பேன். அவள் காதில் விழாது.

மே பதினேழு தேசிய தினத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவில் பொதுவேலை நாள். எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வரவேண்டும். குப்பை வாருவோம், வேலிக்கு வண்ணம் அடிப்போம், வாய்க்கால் தூர்வாருவோம். செய்ய வேண்டியதெல்லாம் பட்டியலில் இருக்கும். பட்டியலில் உள்ளது முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. காய்ச்சலோடு வந்து வாருகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வராதவன் பேரன் காலம்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். அந்த வருஷம் பட்டியலில் எட்டாவது வேலையாக ஊத்வார் எழுதியிருந்தார்: "குன்வோர் வீடு. நாலு மீட்டர் இடைவெளி ஏற்படுத்துதல்."

பத்து மணிக்கு எல்லாரும் போனோம். ஊத்வார் கையில் ரம்பம். அஸ்லாக் தீயணைப்புக் கோட்டில். பின்னால் நாங்கள், ஆளுக்கொரு வாருகோல், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. ஒரு பொம்பளை பத்து வருஷமாக வளர்த்ததை வெட்டப்போகிற கூட்டம் எப்படி நடக்குமோ அப்படி நடந்தோம்.

குன்வோர் முற்றத்தில் இல்லை. ஷெட் கூரைமேல் இருந்தாள். கையில் கடப்பாரை. கூரை ஓட்டில் பாதி ஏற்கெனவே கீழே அடுக்கியிருந்தது. கார் தெருவில் நின்றது.

"குன்வோர், என்ன பண்றே?" என்று கத்தினார் ஊத்வார்.

"எட்டாவது வேலை."

"ஷெட்டை ஏன் பிரிக்கிறே?"

"செடிக்கும் சுவருக்கும் நடுவுல நாலு மீட்டர் வேணும்னு நீங்கதானே கை தூக்குனீங்க? ரெண்டுல எதை எடுக்கணும்னு யாரும் சொல்லலியே. நான் சுவரை எடுக்கறேன்." ஒரு பலகையை நெம்பினாள். அது கிரீச்சென்று பிரிந்து ஊத்வார் காலடியில் விழுந்தது. "அதான் ஆள் வந்தாச்சே. எதுக்கு நிக்கிறீங்க? பட்டியல்ல இருக்கிற வேலை. ஏறுங்க."

ஊத்வார் பட்டியலை மறுபடி படித்தார், ஏதாவது மாறியிருக்குமோ என்று. அவர் எழுதியதுதான்.

முதலில் சிரித்தது ஷூர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சாய்த்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். எங்கள் ஆட்களால் பொதுவேலை நாளில் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது, கை அரிக்கும். பதினொரு மணிக்குப் பத்துப் பேர் கூரையில் இருந்தார்கள். ஒரு மணிக்குச் சுவர்கள் சாய்ந்தன. ஊத்வார் தன் புது ரம்பத்தால் தூண்களை அறுத்தார். அஸ்லாக்கும் வந்தான். தீயணைப்புக் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, கனமான உத்தரத்தை ஒரு பக்கம் அவன் பிடித்தான், மறுபக்கம் அவள் பிடித்தாள்.

நான் வாருகோலோடு நின்றேன். குன்வோர் என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

"மாரித், புல்லுல ஆணியா கெடக்குது. உன் பேரன் மிதிக்கப்போறான். பொறுக்கு."

மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. நான் முட்டி போட்டு உட்கார்ந்து ஆணி பொறுக்கினேன். அழுதேனா என்று கேட்டால் அழுதேன். மண்ணைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன், யாருக்குத் தெரியும்.

கடைசியில் அஸ்லாக் டேப்பை இழுத்தான். செடிகளிலிருந்து அவள் வீட்டுச் சுவர் ஆறு மீட்டர். எங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது. ஊத்வார் எட்டாவது வேலைக்கு எதிரே ஒரு கோடு போட்டார்.

அதற்கப்புறம் அவள் கார் மழையில் நின்றது, பனியில் நின்றது. குளிர்காலத்தில் நாலரை மணிக்கே எழுந்து கண்ணாடியில் பனிக்கட்டியைச் சுரண்டுவாள், அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் விழித்துக்கொள்வோம். ஒருநாள் கதவே உறைந்து திறக்கவில்லை. பின்கதவு வழியாக ஊர்ந்துபோய் உட்கார்ந்து ஓட்டினாள். அப்போது அவளுக்கு ஐம்பத்தாறு. "உன் கார் குளிர்ல நடுங்குது, ஜூனிபர் ராணி மாதிரி நிக்குது" என்றேன். "காரு என்ன, காசு குடுத்தா இன்னொண்ணு கெடைக்கும்" என்றாள்.

இன்னும் மூன்று வருஷம் அவள் அந்தச் செடிகளைத் தொடவில்லை. ஒரு கை அணைப்பளவு வெட்டினாலும் செடி தாங்க வேண்டும், வெட்டியது தெரியக்கூடாது, அதுதான் அவள் கணக்கு. போன டிசம்பர் முதல் வாரத்தில் கத்தியோடு முற்றத்தில் இறங்கினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ரெண்டு பெண்செடியிலும் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று நீலப்பழத்தோடு கிளை எடுத்தாள். பிறகு எங்கள் கதவைத் தட்டினாள்.

"ஈஸ்ட் இருக்கா?"

ஈஸ்ட்டை யார் வீட்டிலும் கேட்கலாம், கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அது இங்கே சட்டத்துக்கும் மேலே. உலர்த்திய ஈஸ்ட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். அவள் கையில் ஜூனிபர் குத்திய சிவப்புப் புள்ளிகள்.

நிலவறைப் புகைபோக்கியில் அந்த மணம் வந்ததும் தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பதினாலு வருஷம் அந்த வீட்டிலிருந்து வராத மணம். ரெண்டு நாள் கழித்து, பீப்பாய்க்கு மாற்றுகிற மத்தியானம், நிலவறையில் கால் வைக்க இடமில்லை. ஊத்வார் படிக்கட்டில் நின்றார். அஸ்லாக் கடைசியாக வந்து கதவோரம் சாய்ந்துகொண்டான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

குன்வோர் கிண்ணத்தை நிரப்பினாள். ரெண்டு கையாலும் தூக்கி முகர்ந்தாள். எனக்கு அந்தப் பழைய பயம் வந்துவிட்டது, வழக்கம்போல அடுத்தவர் கையில் கொடுத்துவிடுவாளோ என்று. இந்தத் தடவை நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

குடித்தாள். நிறுத்தாமல் பாதிக் கிண்ணம். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறதென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நேராக நடந்துபோய்க் கிண்ணத்தை அஸ்லாக் கையில் கொடுத்தாள்.

அவன் ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். கிண்ணத்துக்குள் பார்த்தான். அவன் காது சிவக்கவில்லை, கண்தான் சிவந்தது.

"அப்பாவோட பீர்" என்றான். "அப்படியே அப்பாவோடது குன்வோர்."

எங்கள் ஊரில் இதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. செத்துப்போன மனுஷன் காய்ச்சியது போல இருக்கிறது என்றால், அதோடு எல்லாம் மன்னிக்கப்பட்டது என்று அர்த்தம். இதோ கட்டிப்பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நினைத்தேன். கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டேன்.

குன்வோர் அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள்.

"இல்ல. அப்பா இந்தச் செடியைப் பாத்ததே இல்ல. கல்லு நான் சுமந்தது. வெதை நான் பொறுக்கினது. பதினாலு வருஷம் வாயைக் கட்டினது நான். ஷெட்டைப் பிரிச்சது நான். இது என்னோடது அஸ்லாக். என்னோடதுன்னு சொல்லு."

அஸ்லாக் தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"உன்னோடது" என்றான். இன்னொரு தடவை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "உன்னோடதுதான்" என்றான். பிறகு கையை நீட்டினான். "குடு. இன்னொரு வாய். உன்னோடதுன்னு நெனச்சுக் குடிச்சுப் பாக்கறேன்."

"வரிசையில வா" என்றாள் குன்வோர். திரும்பி, கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.